பெரகல இறக்கம்

“பிரிங்கடா தகரத்தை!”

தோட்டத் தலைவர் வீரசிங்கத்தின் குரல் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தகரத்தை நெம்ப அலவாங்கோடு நின்றார்கள்.

கிறீஸ் கையோடு ஷெட்டை விட்டு வெளியே வந்தாள் நிரஞ்சலா. லயத்தின் கடைசி வீட்டை ஒட்டி அவளே போட்ட தகர ஷெட் அது. தியத்தலாவையில் ஒரு கராஜில் வேலை பழகியவள். சுற்றியுள்ள தோட்டங்களின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இப்போது அவளிடம்தான் வருகின்றன. ஷெட் போனால் மறுபடியும் தேயிலைக் கொழுந்துக் கூடைதான்.

“என்ன தலைவரே, ஞாயித்துக்கிழமை அதுவுமா?”

“என்னையக் கேக்குறியா? அங்க பாரு!”

மீன் வியாபாரி கிருஷ்ணராஜ் கழுத்தில் துணி கட்டி, அதில் கையைத் தொங்கவிட்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி சிவசக்தி, கன்னத்தில் பிளாஸ்டர். இருவருக்கும் நடுவே மட்கார்ட் உடைந்த மோட்டார் சைக்கிள். வெள்ளிக்கிழமை பெரகலைக்கு மீன் எடுக்க இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் இருவரும் பாதையோரக் கானுக்குள் விழுந்திருந்தார்கள். அந்த வண்டிக்குப் புது பிரேக் ஷூ போட்டது நிரஞ்சலாதான்.

“அமுக்குறேன், அமுக்குறேன், வண்டி கேக்கவே மாட்டேங்குது. பொம்பளகிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்!” என்றான் கிருஷ்ணராஜ்.

நிரஞ்சலா பின்சக்கரத்தைப் பார்த்தாள். அவள் போட்டது கம்பனி ஷூ இல்லை. பண்டாரவளையில் கிடைத்த மாற்றுச் சாமான். ஒருவேளை அதுதான் காலை வாரியதா?

“அண்ணே, இறக்கத்துல என்ஜின் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

“ஓடாம? தள்ளிக்கிட்டா போனேன்?”

கூட்டம் சிரித்தது. சிவசக்தி மட்டும் தரையைப் பார்த்தாள். அதை நிரஞ்சலா கவனித்தாள்.

“சரி. இந்தப் பிரேக்கை நான் தொடவே மாட்டேன். தொட்டா, சரி பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க. இருக்கிறபடியே பெரகல வரைக்கும் ஓட்டுறேன். பின்னால ஒரு ஆள் வேணும். நிக்கலைன்னா ஷெட்டை நானே பிரிச்சிடுறேன். யார் ஏறுறீங்க?”

ஒருவரும் அசையவில்லை.

“தலைவர் ஏறட்டும்! அவர் ஒருத்தரே ரெண்டு பேர் பாரம்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் மறுபடி சிரித்தது. அதற்குப் பிறகு வீரசிங்கத்தால் பின்வாங்க முடியுமா? சாரத்தை மடித்துக் கட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். பக்கத்து வீட்டு ரஜீவின் ஆட்டோவில் கிருஷ்ணராஜும் சிவசக்தியும் பின்னால் வந்தார்கள்.

அப்புத்தளை டவுனைத் தாண்டியதும் பாதை கீழே சாய்ந்தது. ஒரு பக்கம் மண் மேடு. மறுபக்கம் பனிமூட்டத்துக்குள் மறைந்த பள்ளம். நிரஞ்சலா கியரைக் குறைத்தாள். என்ஜின் உறுமிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டாள். கேட்டது. பாதி இறக்கத்தில் ஓரங்கட்டினாள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பின்சக்கர டிரம்மைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. ஷூ நல்ல ஷூதான்!

“நல்லாத்தானே நிக்குது?” என்றார் வீரசிங்கம்.

“அன்னைக்கு நிக்கலையே!” ஆட்டோவிலிருந்து கத்தினான் கிருஷ்ணராஜ்.

“சரிண்ணே. இனி உங்களை மாதிரியே ஓட்டுறேன்.”

சாவியைத் திருகி என்ஜினை அணைத்தாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள்.

ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தாள் சிவசக்தி. “வேணாம் தலைவரே! எறங்குங்க!”

“ஏய், வாய மூடு!” என்றான் கிருஷ்ணராஜ்.

“மூட மாட்டேன்! பெற்றோல் மிச்சம் பிடிக்கிறேன்னு டவுன்லயே அணைச்சீங்க. என்ஜினைப் போடுங்கன்னு நான் கத்துனேனா இல்லையா?”

கிருஷ்ணராஜின் முகம் கறுத்தது. ஆனால் அவன் அடங்கவில்லை.

“அணைச்சேன். அதுக்கென்ன? பெற்றோலுக்கு வரிசையில நின்ன காலத்துல இருந்து இந்த இறக்கத்துல எல்லாரும் அணைச்சிட்டுத்தான் போறாங்க. தலைவர் அணைக்கலையா? அவர் வண்டி நிக்குது, என் வண்டி மட்டும் ஏன் நிக்கல? வேலை சரியில்ல, அவ்வளவுதான்!”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். “நானும்... அணைக்கிறதுதான்.”

இங்கேயே விட்டுவிடலாம். ஆனால் விட்டால், ‘நிரஞ்சலா போட்ட பிரேக்’ என்ற பேச்சு நிலைத்துவிடும்.

“நீங்க எப்பவும் தனியாத்தான் போறீங்க தலைவரே. இவங்க ரெண்டு பேர், மீன் பெட்டி வேற. பயமா இருந்தா எறங்கிக்குங்க.”

“யாருக்குப் புள்ள பயம்? விடு வண்டிய!”

வண்டி சத்தமில்லாமல் உருண்டது. காதில் காற்று மட்டும். முதல் வளைவில் பிரேக் கேட்டது. அடுத்ததில் பெடல் இன்னும் கீழே போனது. பிறகு கருகல் வாடை.

“என்ன புள்ள வாடை?”

“உங்க பாரம் தலைவரே!”

அடுத்த வளைவில் அவள் மிதித்தாள். பிடிக்கவில்லை. கூடவே பிடித்து வந்த கைப் பிரேக்கையும் முழுதாக இழுத்தாள். வேகம் குறையவே இல்லை.

எதிரே மரக்கறி லொறி!

“அமுக்கு புள்ள!”

“அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்!”

“முருகா!” வீரசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

நிரஞ்சலா கண்ணை மூடவில்லை. சாவியைத் திருகினாள். கிளச். கியர். கிளச்சை விட்டாள். வண்டி குலுங்கியது, டயர் கீச்சிட்டது, என்ஜின் அலறிக்கொண்டு உயிர்பெற்றது. லொறி அவள் முழங்கையை உரசாத குறையாகக் கடந்தது. இன்னொரு கியர் குறைத்தாள். மண் மேட்டில் சாய்ந்து வண்டி நின்றது.

டிரம்மிலிருந்து புகை கிளம்பியது. வீரசிங்கம் இறங்கி, பாதையோர மதகில் உட்கார்ந்தார்.

ஆட்டோ வந்து சேர்ந்தது. கிருஷ்ணராஜ் நம்பாமல் டிரம்மில் விரலை வைத்தான். “ஐயோ அம்மா!” என்று உதறினான்.

“புடிச்சு நிறுத்துறதுல பாதி வேலை என்ஜினோடதுண்ணே,” என்றாள் நிரஞ்சலா. “அதை அணைச்சிட்டு எல்லாப் பாரத்தையும் பிரேக் மேல ஏத்தினா, சூடேறி வழுக்கும். எந்த ஷூ போட்டாலும் வழுக்கும்.”

கிருஷ்ணராஜ் விரலை ஊதிக்கொண்டே இருந்தான்.

“ஷெட் இருக்கட்டும் புள்ள,” என்றார் வீரசிங்கம்.

“அது பத்தாது தலைவரே. தோட்டத்து மூணு டிவிஷன்லயும் என் பேரு கெட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை கோயில் மைக்ல நடந்ததைச் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“நீங்களும் அணைச்சிட்டுப் போறதைச் சேத்து.”

“மைக்லயா?”

“மைக்லதான்.”

வீரசிங்கம் புகைந்துகொண்டிருந்த டிரம்மைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். எழுந்துபோய் ஆட்டோவில், சிவசக்தியின் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

நிரஞ்சலா டிரம் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு கிக்கரை உதைத்து, வண்டியைத் திருப்பி, அப்புத்தளை ஏற்றத்தில் விட்டாள்.