சுட்டவருக்கு ஒரு கைதட்டு

மாட்டுப் பண்ணைகள் சூழ்ந்த எங்கள் அசூல் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீட்டுக் கொல்லையில் புகை எழவில்லை என்றால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டார் விசாரிக்க வந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அன்செல்மோ கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் மாட்டிறைச்சி சுட்டவர். சாப்பிட உட்கார்ந்ததும் சுட்டவருக்குக் கைதட்டுவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அதை ஆரம்பித்து வைப்பது மகள் ஹிமேனா. வாயெல்லாம் கொழுப்பு வழிய நாற்காலிமேல் ஏறி நின்று, "சுட்டவருக்கு ஒரு கைதட்டு" என்று கத்துவாள். அவர் கறி புரட்டும் இடுக்கியைத் தலைக்குமேல் தூக்கி ராஜா மாதிரி நிற்பார்.

அந்தப் பெண்தான் படித்துவிட்டு, மாட்டு ஏப்பத்தில் வரும் வாயுவை அளக்கிற வேலைக்குப் போனாள். ஊரே சிரித்தது.

"நம்ம மாடு ஏப்பம் விட்டா உலகம் சூடாயிடுமாக்கும்" என்றான் என் தம்பி ரோலாண்டோ, விலா எலும்பைக் கடித்தபடி.

"ஆகுது மாமா. அதே சத்தைப் பயறுல எடுத்தா, கறியால வர்ற கேடுல பத்துல ஒரு பங்குகூட வராது. நம்ம நாட்டு வடக்க காட்டை அழிக்கிறதும் மாடு மேய்க்கத்தான்."

"அப்போ என் சோத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சிட்ட" என்றார் அன்செல்மோ.

"கறி சுடாத ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்க, வர்றேன்" என்று எழுந்து போனாள். அப்பனுக்கு வீம்பு, மகளுக்கு அதைவிட வீம்பு. மூன்று வருஷம் ஓடிவிட்டது. போனில் பேசுவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டாள். கைதட்டலை ரோலாண்டோ ஆரம்பித்து வைப்பான். இவர் இடுக்கியைத் தூக்கவே மாட்டார்.

போன வசந்தத்தில் ஒருநாள் அவரே போனை எடுத்து, "வர்ற ஞாயிறு வா. கறி கிடையாது" என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

விலா எலும்பு பொறுக்குவதுபோலக் கத்தரிக்காயைப் பொறுக்கினார். பூசணியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். விடிந்ததும் விறகு மூட்டி, கங்கு விழும்வரை பக்கத்திலேயே நின்று, அதன்மேல் சுடுகிற கம்பித் தட்டை வைத்தார்.

"என்ன மச்சான், முயலுக்கு விருந்தா?" என்றான் ரோலாண்டோ.

"இன்னிக்கு வாயைத் திறந்தே, உனக்குத் தட்டு கிடையாது" என்றேன் நான்.

ஹிமேனா வந்தாள். அவள் தட்டில் முதல் கத்தரிக்காயை அவரே வைத்தார். ஒரு வாய் மென்றாள். மெல்வது நின்றது. அதற்குள் என் நாக்குக்கும் தெரிந்துவிட்டது.

"அப்பா, கம்பியை எதால துடைச்சீங்க?"

அடுப்புத் திண்டின்மேல் ஒரு முள்கரண்டி கிடந்தது. அதன் முனையில் பாதி உருகிய மாட்டுக்கொழுப்பு. கம்பி காய்ந்ததும் கொழுப்பால் தேய்த்துத் துடைத்தால்தான் எங்கள் ஊரில் அது கம்பி. மனுஷன் மறந்தாலும் கை மறக்கவில்லை. பாவி மனுஷா, மூன்று வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவரை முறைத்தேன். அவர் அவள் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

ஹிமேனா தட்டை விடவில்லை.

"இருக்கட்டும்ப்பா. நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துக்கல, இது வெறும் கணக்கு. ஒரு விரல் கொழுப்புல உலகம் எரிஞ்சிடாது. வாராவாரம் அரை மாட்டை அடுப்புல போடறீங்களே, என் வழக்கு அதோடதான்." இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண் கலங்கியிருந்தது. "நம்ம வீட்டு வாசனைதான் அடிக்குது. ஆனா அடுத்த ஞாயிறு எண்ணெய் தேய்ங்க."

"அடுத்த ஞாயிறா?" என்றார். மற்றது எதுவும் அவர் காதில் விழவில்லை.

"ஏன், வரக்கூடாதா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் நாற்காலிமேல் ஏறிவிட்டாள். வளர்ந்த பெண்ணின் பாரம் தாங்காமல் நாற்காலி முனகியது. அவள் கைதட்டினாள். நானும் தட்டினேன். முயல் விருந்து என்றவன் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான். அன்செல்மோ மட்டும் கொழுப்பு நாறும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"இடுக்கியைத் தூக்குங்கப்பா" என்றாள்.

தூக்கினார்.