பூட்டச் சொன்ன லியோன்

பேய்க்குச் செருப்பு அறுமா? அறுந்தால் அது கம்பி போட்டுக் கட்டுமா?

ஊர்காவற்றுறையில் கனடாக்காரர் ஒருவருக்காகக் கட்டுகிற வீட்டின் மதிலடியில், கலவைத் தாச்சியைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தியிருந்து லியோன் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். கையில் போன், போனில் ஒரு படம். மடியில் சோற்றுப் பார்சல் அவிழ்த்தபடி காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணை, சோத்தைக் காகத்துக்கோ வைச்சிருக்கிறாய்?" என்றான் கூடக் கல்லுத் தூக்குகிற றெக்ஷன்.

"இஞ்சை பார். இந்த ஆளின்ரை இடது கால் செருப்பைப் பார்."

"வார் அறுந்துபோச்சு. கம்பி போட்டுக் கட்டியிருக்கு."

"பேய் அப்பிடிக் கட்டுமோ?"

றெக்ஷன் படத்தையும் பார்த்தான், லியோனின் முகத்தையும் பார்த்தான். "காசில்லாத பேயாக்கும். கேட்டுப் பார், நாளைக்கு இஞ்சை வேலைக்கு வருமோ எண்டு. ஒராள் குறையுது."

லியோனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் எழுத்துப் படித்தது நாற்பது வயதில். பள்ளிக்கூடம் போகிற வயதில் குடும்பம் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து திரிந்தது. பிறகு முதுகில் சீமெந்து மூட்டை ஏறினதோடு படிப்பு எங்கே, அவன் எங்கே. கடைசியில் மதில்களிலும் தெரு லைற் மரங்களிலும் ஒட்டுகிற மரண அறிவித்தல்களை ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினான். முதன்முதல் அவன் முழுசாய் வாசித்து முடித்தது, காலஞ்சென்ற ஒரு றோட்டு ஓவசியரைப் பற்றி. அப்படிப் படித்த ஆளுக்குப் பேய்க்கதையில் ஆசை வந்ததில் என்ன அதிசயம்?

'முதுகுக்குப் பின்னாலை' என்று ஒரு வட்ஸ்அப் குழு. இருநூறு பேருக்கு மேல். லண்டனில் ஆள், மட்டக்களப்பில் ஆள், கப்பலில் வேலை செய்கிற ஆள்கூட உண்டு. எல்லாரும் பேய்க்கதைப் பைத்தியங்கள், ஒருவர் எழுத மற்றவர்கள் வாசிப்பார்கள். அங்கே ஒரேயொரு சட்டம்தான். எதை எழுதினாலும் நடந்ததாக எழுத வேண்டும், வாசிக்கிறவரும் நடந்ததாகவே எடுத்துப் பதில் போட வேண்டும். 'இது உண்மையோ?' என்று கேட்டால் அந்த நிமிசமே வெளியே போட்டுவிடுவார்கள். கேட்டால் பயம் செத்துப்போகுமாம். எல்லாரும் புனைபெயரில் எழுத, லியோன் மட்டும் லியோன். வேறு பெயர் போடலாம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

அவன் எழுதிய முதல் கதை பதினொரு வரி. கிணற்றுக்குள் விட்ட வாளி பாரமாய் மேலே வருகிறது, ஆனால் கயிறு ஈரமில்லை. அவ்வளவுதான். ஒருவர் எழுத்துப் பிழைகளை எண்ணிப் போட்டுச் சிரித்தார். அப்போதுதான் 'வெள்ளெருக்கு' என்ற பெயரில் எழுதுகிற ஓர் அக்காவிடமிருந்து பதில் வந்தது.

"பிழை கிடக்கட்டும். இதை வாசிச்ச பிறகு நான் கிணத்தடிக்குப் போகேல்லை. எழுதும் லியோன், நீர் எழுதும்."

நீர் எழுதும். வேலைத்தலத்தில் அவன் 'டேய்'. தமக்கையின் வீட்டில் ஒரு மூலைக் கட்டில். நாற்பத்தேழு வயதில் அவனை நீர் என்று கூப்பிட்ட முதல் ஆள், முகம் தெரியாத இந்த அக்காதான். பிறகு ஒன்றரை வருசமாய் ஒவ்வொரு நாளும் எழுத்து. என்ன வாசித்தீர், எதைக் கண்டு பயந்தீர், முதுகு நோ எப்படி. அவ எங்கே இருக்கிறா, என்ன பெயர், அவன் கேட்டதில்லை. குரலும் கேட்டதில்லை.

போன மாதம் அக்கா ஒரு தொடர்கதை தொடங்கினா. ஒரு மனிசி ஒருநாள் விடிய எழும்பிப் பார்க்கிறா, வீட்டில் ஓர் ஆள். புருசனின் முகம், புருசனின் சாரம், புருசனின் இருமல். ஆனால் அது புருசன் இல்லை. வேறு எதுவோ அவரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் குழு நடுங்கியது. நாலாம் பகுதியில் அக்கா கேட்டா: இனி என்ன செய்யலாம், சொல்லுங்கோ.

லியோன் சாந்து காயாத விரலால் எழுதினான்: "அக்கா, அது வெளியாலை போற நேரம் பாத்துக் கதவைப் பூட்டிப்போடுங்கோ. வேலியடியிலை நிண்டு கூப்பிடட்டும். அப்பத் தெரியும் ஆரெண்டு."

அவன் எழுதியதற்கு ஒருநாளும் இல்லாத வரவேற்பு. அடுத்த நாள் அக்கா எழுதினா: "லியோன் சொன்னபடி பூட்டிப்போட்டன்." கூடவே ஒரு படம், கதவின் உள்பக்கச் சங்கிலியும் ஆமைப்பூட்டும். அதற்கு அடுத்த நாள்தான் யன்னல் கம்பிக்குள்ளால் எடுத்த இந்தப் படம். ஒரு மதில்மேல் வயதான ஓர் ஆள் இருக்கிறார். பக்கத்தில் குடை, பையில் ஒரு றாத்தல் பாண், இடது செருப்பில் கம்பி.

குழு முழுக்க மண்டையோட்டுப் படம் போட்டது. லியோன் மட்டும் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுந்த செருப்புக்குக் கம்பி கட்டுவது எப்படி என்று அவனுக்குத் தெரியும். அது நடக்கிற மனிசன் செய்கிற வேலை.

அவன் தனியாக அக்காவுக்கு அழைப்பு எடுத்தான். வெட்டினா. எழுத்து வந்தது: "கதைக்க ஏலாது லியோன். அது கேட்டுக்கொண்டு நிக்குது."

இதுவும் கதைதானா? அவனுக்குப் பிடிபடவில்லை. பொறுக்க மாட்டாமல் குழுவில் எழுதினான்: "வெள்ளெருக்கு அக்கா எழுதிறது உண்மையோ?"

அரை நிமிசம்தான். குழு அவனை வெளியே போட்டுவிட்டது.

இனி அக்கா குழுவில் என்ன எழுதுவா, அதற்கு யார் என்ன யோசனை சொல்லுவார்கள், அவனுக்குத் தெரியப்போவதில்லை. பூட்டச் சொன்னவன் அவன். எரிக்கச் சொல்ல இன்னொருவன் வரமாட்டான் என்று என்ன நிச்சயம்?

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான். மதில் சீமெந்துக் கல்லால் கட்டினதில்லை. பவளக் கல்லைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தார்கள். நெடுந்தீவைத் தவிர வேறு எங்கே அப்படி வேலி?

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் வேலணையில் பஸ் மாறிக் குறிகட்டுவான் போய்ப் படகு ஏறினான். ஒரு மணித்தியாலம் கடல். அந்த ஒரு மணித்தியாலமும், கதையாய் இருந்தால் என்ன முகத்தோடு அக்காவுக்கு முன்னால் நிற்பது என்று ஒரு யோசனை; கதை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று. இரண்டும் மாறி மாறி அவனைத் தூக்கிப் போட்டன.

நெடுந்தீவுத் துறையில் ஓட்டோக்காரனிடம் படத்தைக் காட்டினான்.

"இது எங்கடை வைத்திலிங்கத்தார் எல்லோ. நாலு நாளா வேலியிலைதான் இருப்பு. மனிசி வீட்டுக்குள்ளை விடுறாவில்லை."

"ஏனாம்?"

"ஏதும் சண்டையாக்கும். புருசன் பெண்சாதிக்குள்ளை நாங்கள் ஏன் அண்ணை போவான்? ஏறும்."

வைத்திலிங்கம் படத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருசம் நிறுவை பிடித்தவர் என்று ஓட்டோக்காரன் சொல்லியிருந்தான். லியோனைக் கண்டதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறீர்?"

"நான் லியோன்... ஊர்காவற்றுறை."

கிழவர் மதிலை விட்டு இறங்கிவிட்டார். "நீரோ? அந்தப் பூட்டச் சொன்ன லியோன் நீரோ?"

லியோனின் தலை தானாகக் குனிந்தது.

"கதவுக்குள்ளை நிண்டு ஒரே சொல்லுத்தான். லியோன் சொன்னவர், லியோன் சொன்னவர். நான் முதல் வேறை மாதிரி நினைச்சிட்டன். அறுபத்தெட்டு வயசிலை என்ரை மனிசி சறோஜினிதேவிக்கு இது என்ன புதினம் எண்டு." சிரிக்கப் பார்த்தார், சிரிப்புப் பாதியில் நின்றது. "நீர் ஒரு கூலியாள் போலை இருக்கிறீர்."

"ஓம் ஐயா."

"உமக்கும் எனக்கும் என்ன கோவம், தம்பி?"

என்ன சொல்வது? ஐயா, நான் உங்களைப் பேய் என்று நினைத்துவிட்டேன் என்றா? லியோன் அதைத்தான் சொன்னான், வேறு சொல் கிடைக்கவில்லை. குழுவைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினான். கிழவர் பாதி விளங்கியும் விளங்காமலும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முதல் மனிசி கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலை அடிபட்டது. காயம் ஆறினது. ஆறின பிறகு ஒருநாள் விடிய எழும்பி, நீ ஆர் என்று கேட்டா. மற்ற எல்லாரையும் தெரியும். கணக்குப் பிழைக்காது, சமையல் பிழைக்காது. அவரை மட்டும்தான் தெரியாது. விழுந்த நேரமே யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்து, தலையைப் படம் எடுக்க வேண்டும் என்று திகதி கொடுத்திருக்கிறார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். திகதி நாளைக்கு.

"இதைத் தவறவிட்டால் பிறகு எப்ப கிடைக்குமோ தெரியாது. என்னோடை வரமாட்டா. பேயோடை ஆர் படகிலை ஏறுவினம்? நீர் சொல்லிப் பாரும். நீர் சொன்னால் கேக்கிறா எல்லோ."

லியோன் படலையைத் திறந்து போய் யன்னலைத் தட்டினான்.

"ஆர்?"

"நான் லியோன், அக்கா."

யன்னல் திறந்தது. சின்ன உருவம். வாரிக் கட்டின தலை, நெற்றியில் பொட்டு, கண்ணாடி. விசர் பிடித்த ஆளாய் ஒரு துளியும் தெரியவில்லை.

"லியோனோ! ஐயோ, இவ்வளவு கட்டை ஆளோ நீர்? உம்மடை எழுத்தைப் பாத்து நான் ஒரு நெடுவல் எண்டெல்லோ நினைச்சனான்!"

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. ஒன்றரை வருசமாய்த் தெரிந்த அதே ஆள். அதே பகிடி.

"நல்ல நேரம் வந்தீர்," அவ குரலைத் தாழ்த்தினா. "அங்கை பாரும், வேலியிலை. எல்லாம் சரியாச் சொல்லுது. என்ரை தகப்பன்ரை பேர் சொல்லுது, கலியாணத் திகதி சொல்லுது. அதுதான் எனக்குப் பயம். என்ரை மனுசன் நாப்பது வருசத்திலை ஒருநாள் கலியாணத் திகதி சரியாச் சொன்னவரில்லை."

லியோன் திரும்பிப் பார்த்தான். வைத்திலிங்கம் வெயிலில் அசையாமல் நின்றார். ஒரு கணம், ஒரேயொரு கணம், அவனுக்கும் முதுகு சில்லிட்டது.

"கலியாணப் படத்துக்குப் பின்னாலை எழுதிக் கிடந்ததைப் பாத்துப் பாடமாக்கினனான்!" கிழவர் படலைக்கு வெளியே நின்று கத்தினார். "கேப்பாய் எண்டு தெரிஞ்சுதான் பாடமாக்கினனான்!"

"பாத்தீரோ?" என்றா அக்கா. "பாடமாக்கியிருக்கு."

யாருடைய பக்கம் நியாயம் என்று லியோனுக்குத் தலை சுற்றியது. அவ சொல்வதும் பொருந்துகிறது, அவர் சொல்வதும் பொருந்துகிறது. ஆனால் நாளைக்குத் திகதி. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் பூட்டச் சொன்னது கதைக்கு. மெய்யா நடக்குதெண்டு தெரிஞ்சிருந்தால் சொல்லியிருக்கமாட்டன். அவர் உங்கடை மனுசன்தான். கதவைத் திறவுங்கோ."

அவவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. கண்ணாடியைச் சரி செய்து, அவனை உச்சி முதல் கால் மட்டும் பார்த்தா.

"நீர் லியோன் இல்லை."

"அக்கா?"

"லியோன் எனக்கு ஒருநாளும் இப்பிடிச் சொல்லான். நீ ஆர்?"

யன்னல் அடித்துச் சாத்தப்பட்டது. உள்ளே கொளுக்கி விழுந்தது.

அவன் விறாந்தைப் படியில் இருந்துவிட்டான். கிழவர் வந்து பக்கத்தில் இருந்தார். அப்போது லியோனின் போன் அதிர்ந்தது.

"லியோன், எங்கை நிக்கிறீர்? இப்ப வாசலிலை ரண்டு நிக்குது. ஒண்டு உம்மடை பேரைச் சொல்லுது. என்ன செய்ய?"

அவன் 'நான்தான் அக்கா அது' என்று எழுதினான். பார்த்தான். கதையில் பேயும் அதைத்தானே சொல்லும்? அழித்தான். கிழவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லியோன் ஒவ்வொரு எழுத்தாய்த் தேடிக் குத்தினான்.

"பயப்பிடாதையுங்கோ அக்கா. கதவைத் திறக்க வேண்டாம். யன்னலாலை தேத்தண்ணி குடுத்துப் பாருங்கோ. பேய் குடியாது."

குசினியில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யன்னல் ஒரு சாண் திறந்து, கம்பிக்குள்ளால் இரண்டு கோப்பை வெளியே வந்தது. இரண்டு பேரும் நாக்கு வேக வேகக் குடித்து முடித்து, வெறுங் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். நாலு நாளைக்குப் பிறகு வைத்திலிங்கம் மனிசியின் கையால் குடிக்கிறார்.

போன் அதிர்ந்தது. "குடிச்சிட்டினம். இனி?"

லியோன் கிளினிக் கொப்பியை வாங்கித் திகதியை இன்னொருக்கால் பார்த்தான்.

"நாளைக்கு விடியப் படகுக்கு வெளிக்கிடுங்கோ. நீங்கள் முன்னுக்கு இருங்கோ, அவை ரண்டு பேரும் பின்னுக்கு வரட்டும். யாழ்ப்பாணத்திலை டொக்டர் படம் எடுத்துப் பாத்துச் சொல்லுவார், ஆர் ஆள், ஆர் ஆள் இல்லை எண்டு."

இரண்டு சரி அடையாளமும் நீலமாகின. அவ எழுதுகிறா என்று காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது. கதவுக்கு அந்தப் பக்கம், மூன்று முழத் தூரத்தில், அவ மூச்சு விடுகிற சத்தம்கூட அவனுக்குக் கேட்டது போல இருந்தது.

"நீரும் வருவீரோ லியோன்? வந்தால் போறன்."

தான் செய்வது உதவியா, கள்ளமா என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்குகிற வரைக்கும் படகு காத்திராது. 'வருவன் அக்கா' என்று எழுதி அனுப்பினான்.

"என்னவாம்?" என்றார் வைத்திலிங்கம். "வாறாவாமோ?"

"வாறாவாம். ஐயா, நீங்கள் இரவிலை எங்கை படுக்கிறனீங்கள்?"

"கோயில் மடத்திலை."

"அங்கை இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமோ?"

கிழவர் அவனை ஒருமாதிரிப் பார்த்தார். "இடம் கிடக்கு. பாய்தான் ஒண்டு."