மீதி நாலு லிங்கம்

1

ஒரு பெயரைக் கேட்க மறந்த குற்றத்தில் பிறந்த கதை இது. 1984இல் என் வீட்டுக்காரரின் உயிரைக் காப்பாற்றிய பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. பாஞ்சாலை என்று நானே வைத்துவிட்டேன். என்னையும் கஸ்தூரி என்று மாற்றி எட்ட நிறுத்தியிருக்கிறேன். எட்ட நின்றால்தான் என் முட்டாள்தனத்தைத் திட்ட எனக்கே வசதி.

2

முதல் தொடக்கம்: 'அண்ணாமலையின் உச்சியில் இளங்கதிர் பொன்னை உருக்கி—'

வேண்டாம். அன்று மேகமூட்டம்.

இரண்டாவது: திங்கட்கிழமை காலை கஸ்தூரியும் அவள் கணவர் சக்கரவர்த்தியும் மலை சுற்றக் கிளம்பினார்கள். ஒரு மாதமாக அவருக்கு நடுநெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி. வாய்வு என்று ஓமத்தண்ணீர், பூண்டு, சோடா எல்லாம் ஆயிற்று. எட்டு லிங்கத்தையும் கும்பிட்டுச் சுற்றி வந்தால் தீரும் என்று வேண்டிக்கொண்டவள் கஸ்தூரிதான்.

அக்கினி லிங்கத்தை நெருங்கும்போது வலி வந்தது. சன்னிதியில் உட்கார்ந்தார், ஐந்து நிமிடத்தில் போயிற்று. கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எம லிங்கத்துக்குப் போகும் வழியில் மறுபடி வந்து, இடது கையிலும் இறங்கியது. உட்கார்ந்தார், போயிற்று.

"பாத்தீங்களா, சாமிகிட்ட வந்தா ஓடிப்போவுது!" என்றாள்.

(இந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்கத் தோன்றினால், தயவுசெய்து உலுக்குங்கள்.)

3

நிருதி லிங்கத்தருகே பாஞ்சாலை வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தாள். (வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை.) சக்கரவர்த்தி வேர்த்து ஊற்ற, தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் தெளிந்தார். கஸ்தூரி கற்பூரத்தை எடுத்தாள்.

"யம்மா, நடந்தா வருதா, குந்துனா போவுதா?" என்றாள் பாஞ்சாலை.

"ஆமாங்க. சாமி புண்ணியம், ஒவ்வொரு லிங்கத்துலயும் சரியாப் போயிடுது."

"லிங்கத்தால இல்லம்மா, குந்துனதால. எங்க வீட்டுக்காருக்கும் இப்டித்தான் வந்துச்சி. மாரடைப்பு முன்கூட்டி அனுப்புற தாக்கீதும்மா இதுன்னு டாக்டரு சொன்னாரு. அவரு சொன்னப்ப இவரு பொணமாக் கெடந்தாரு."

கஸ்தூரிக்குக் கோபம் வந்தது. "பாதியில திரும்பினா வேண்டுதல் என்னாவறது?"

"மீதி நாலு லிங்கத்த உனக்காக நான் சுத்திடறேன். நீ அவர இட்டுனு போ."

சொன்னவள் கூடையை மூடிவிட்டு, செங்கல் ஏற்றி வந்த டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினாள். கஸ்தூரி நன்றிகூடச் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

4

டாக்டர் கோதண்டராமன் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்.

"வாய்வு இல்லம்மா. இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல அடைப்பு. நடந்தா ரத்தம் ஜாஸ்தி வேணும், ஆனா கம்மியாதான் போவுது. அதான் வலி. இன்னும் நாலு மைல் நடந்திருந்தா—"

(அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.)

நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், தலை வலிக்கும், வலி அடங்காவிட்டால் ஒரு நொடி தாமதிக்காமல் வர வேண்டும் என்றார். அடுத்த மாதம் வேலூரில் அறுவை சிகிச்சை. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக இதயத்தில் தைத்தார்கள். பாதி மலை சுற்றிய கால் அது. அதற்கும் நன்றி.

5

முடிவு அ: இருவரும் பாஞ்சாலையை அலட்சியம் செய்துவிட்டு மேலே நடந்து, வருண லிங்கத்துக்கு முன்—

எழுத மாட்டேன். அடுத்த அறையில் இவர் தும்முகிறார். அந்தச் சத்தம் எனக்குப் போதும்.

முடிவு ஆ: கஸ்தூரி பாஞ்சாலையைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பொய். மூன்று முறை போனேன். கூடையும் இல்லை, அவளும் இல்லை.

ஆகவே முடிவு உங்களிடம். மலை சுற்றும்போது நிருதி லிங்கத்தருகே மல்லாட்டைக்காரி யாரையாவது பார்த்தால், என்னைப் போல் இருந்துவிடாதீர்கள், முதலில் பெயரைக் கேளுங்கள். என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், தினமும் நடக்கிறார் என்று சொல்லுங்கள். பிறகு பாஞ்சாலை என்று வருகிற இடமெல்லாம் அடித்துவிட்டு, அந்தப் பெயரை இங்கே எழுதுங்கள்:

. . . . . . . . . . . . . . . .