முட்டையா செம்பருத்தியா

அது உடும்புதான்னு நான் ஒத்தக் கால்ல நின்னதுக்கு ஒரு காரணம் கீது. உடும்பு பூ தின்னாது. பூ தின்னாத ஜந்துவா அது இருந்தாத்தான் என் மானம் நிக்கும். வேற எதுவா இருந்தாலும் நான் தொலைஞ்சேன்.

மொதல்ல இருந்து சொல்றேன். எங்க ஊரு உத்திரமேரூர்ல இருந்து சாலவாக்கம் போற ரோட்டுல கீது. வூட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல நாலு செம்பருத்திச் செடி வச்சிருக்கேன். அடுக்கு செம்பருத்தி, கை அகலம் பூக்கும். வெள்ளிக்கெழம அம்மன் கோயிலுக்கு மாலை என் வூட்டுல இருந்துதான் போவும். அதுல எனக்கு ஒரு கெத்து. சித்திரை முடிஞ்சி ஒரு வாரம் இருக்கும், காலைல போய்ப் பாத்தா செடி மொட்டையா நிக்கிது. பூவும் இல்ல, மொட்டும் இல்ல, கொழுந்தும் இல்ல. மறுநாளும் அதே கூத்து. நாலாம் நாளு எனக்கு ரத்தம் கொதிச்சிப் போச்சி.

அன்னைக்கினு பாத்து பக்கத்து வூட்டு பவளம் தலைக்கு எண்ணெ காய்ச்சினா. வேலிக்கு மேல எட்டிப் பாத்தேன், சட்டில செம்பருத்தி மெதக்குது. எனக்கு எப்பவுமே கோவம் முன்னாடி ஓடி வந்துடும், புத்தி அப்பால டவுன் பஸ் புடிச்சி வரும். தெருக்குழாயாண்ட அத்தினி பொம்பளைங்க முன்னாடி அவள "பூத்திருடி"ன்னு கூப்ட்டேன். பதினெட்டு வருசமா என்கூட நாத்து நட்டவ. எனக்குக் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டா வலிச்சி படுத்துக் கெடந்தப்ப பதினோரு நாளு கஞ்சி காய்ச்சி எடுத்தாந்தவ. போன வருசம் நீ குடுத்த பூவத்தான் காய வச்சி எடுத்தேன்னு சொன்னா. "நான் பறிக்கல மலரு"ன்னு ரெண்டு தரம் சொன்னா. திருடினவ எவடி ஒத்துப்பான்னு கேட்டேன். அவ கொடத்த இடுப்புல வச்சிக்கினு போனவதான், அதோட பேச்சு நின்னுப் போச்சி.

ரெண்டு மாசம். வாய் இருந்தும் ஊமையா இருக்கறது இன்னா கஷ்டம்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சிது. எங்க வூட்டுக்காரரு வேதாசலம் தங்கமான மனுசன்தான். ஆனா அவராண்ட அரை மணி நேரம் பேசினா ஒரு "ஆங்" வரும். அந்த "ஆங்"கும் டிவியப் பாத்துக்கினு வரும்.

ஆடி மாசம் மொத வாரம், கோழிக்குத் தவிடு வைக்கலாம்னு பின்னாடி போனேன். கொல்ல மதில் மேல பச்சையா ஒண்ணு படுத்துக்கினு கீது. வாலோட சேத்தா என் புடவைத் தலைப்பு நீளம் இருக்கும். முதுகுல சீப்புப் பல்லு மாதிரி முள்ளு வரிசை, தாடைக்குக் கீழ தொளதொளன்னு ஒரு தோலு. என்னப் பாத்திச்சி. ஓடல. வூட்டுக்கு வந்த விருந்தாளி யாருன்னு பாக்கற மாதிரி பாத்திச்சி.

நான் போட்ட கூச்சல்ல வூட்டுக்காரரே எழுந்து வந்துட்டாரு. பெரிய ஓணான்னாரு. ஓணானுக்கு இத்தாம் பெரிய வாலு எங்க பாத்தன்னு கேட்டேன். செல்லுல போட்டோ புடிச்சி ஏரித் தண்ணி வாட்ஸப் குரூப்ல போட்டாரு. நாஷ்டா முடியறதுக்குள்ள பதிலு குவிஞ்சிது. ஒருத்தரு பச்சோந்தின்னாரு. ஒருத்தரு முதலைக் குட்டின்னாரு. இன்னொருத்தரு ஏரில எப்ப தண்ணி வுடுவாங்கன்னு கேட்டுட்டாரு.

அப்பதான் அதோட வாயப் பாத்தேன். ஓரத்துல செவப்பா ஒட்டிக்கினு கீது.

கோழிக்குஞ்சு ரத்தம்னு நெனச்சேன். நெனக்க ஆசப்பட்டேன்னு சொல்றதுதான் நெஜம். ஏன்னா எட்டு குஞ்சும் அந்த மதிலுக்குக் கீழயே கிளறிக்கினு இருந்துச்சி, அந்த ஜந்து அதுங்கள ஏறெடுத்தும் பாக்கல. இருந்தும் "உடும்பு! உடும்பு கோழி திங்க வந்திருக்கு"ன்னு கத்தினேன். வேலிக்கு அந்தாண்ட பவளம் துணி காயப் போட்டுக்கினு இருந்தா. அவளுக்குக் கேக்கணும்னுதான் கத்தினேன்.

கேட்டதோ வேற ஆளு. செவ்வந்தி வந்தா. ஊரு ஓரத்துல இருளர் குடியிருப்புல கீறவ, எங்க வேர்க்கடலைக்குக் களையெடுக்க வந்திருந்தா. வரப்புல கீற வளைய ஒரு பார்வ பாத்தே உள்ள எலி கீதா பாம்பு கீதான்னு சொல்லிடுவா. மதிலாண்ட குந்திக்கினு ஒரு அஞ்சு நிமிசம் உத்துப் பாத்தா. அப்பறம் சிரிச்சா.

இது உடும்பு இல்ல யக்கான்னா. உடும்பு நாக்கு பாம்பு நாக்கு மாதிரி பொளந்திருக்கும், சும்மா சும்மா வெளிய நீட்டிக்கினே இருக்கும். இதுக்கு நாக்கு கொழுத்துப் போயி உள்ளயே கீது. உடும்புக்கு முதுகுல முள்ளு ஏது? காதுக்குக் கீழ இம்மாம் பெரிய வட்டச் செதிலு ஏது? இந்த ஏரிக்கரை, இந்தக் காடு, எல்லாத்துலயும் திரிஞ்சவ நான், இத நான் பாத்ததே இல்ல, இது நம்ம ஊர்து இல்லன்னா. உடும்பா இருந்தா நான் இவ்ளோ கிட்டயே வரமாட்டேன், தொட்டா பாரஸ்ட் கேஸு தெரியுமான்னு வேற கேட்டா.

நான் வுடல. வெளியூரு உடும்பா இருக்கக்கூடாதான்னேன். என் புடிவாதத்துக்கு அந்த உடும்பே தோத்துடும்.

செவ்வந்தி என்ன ஒரு மாதிரியா பாத்தா. அவளுக்கும் சண்ட தெரியும், குழாயாண்ட அன்னைக்கி அவளும் இருந்தா. எழுந்து போயி கோழி அடைகாக்காம வுட்ட முட்டை ஒண்ண எடுத்தா. செடில மிச்சம் இருந்த ஒரே பூவப் பறிச்சா. ரெண்டையும் மதிலுக்குக் கீழ தரைல ஒரு முழம் தள்ளித் தள்ளி வச்சா. "உடும்பா இருந்தா முட்டைக்குப் போவும் யக்கா. பாத்துக்கோ."

என் வாழ்க்கைல எந்தப் பரீட்சைக்கும் நான் அப்பிடி வேண்டிக்கினதில்ல. அம்மா தாயே, முட்டையத் தின்னு, முட்டையத் தின்னுன்னு மனசுக்குள்ள கதறினேன். அது ஆடி அசைஞ்சி எறங்கிச்சி. முட்டையாண்ட வந்துச்சி. எனக்கு உசுரு வந்துச்சி. முட்டை மேலயே கால வச்சி, தாண்டிப் போயி, பூவ ஒரே வாயில லபக்குன்னு முழுங்கிச்சி. அப்பறம் செவ்வந்தி கைய நிமிந்து பாத்திச்சி, இன்னொண்ணு கீதான்னு.

"ஆங்"னாரு எங்க வூட்டுக்காரரு.

உடும்பு வேணாம், கைய வுட்டா போதும்னு சொல்லுவாங்களே, அந்த நெலம எனக்கு. செவ்வந்தி காதுல மெதுவா சொன்னேன், நீ இத ஒரு கோணில போட்டுக்கினு சத்தம் போடாம கொண்டு போயி பாரஸ்ட்காரங்களாண்ட குடுத்துடு, பூ தின்ன கத யாருக்கும் வேணாம்னு. அவ கோழி கவுக்கற கூடைய எடுத்து அது மேல பதமா கவுத்துட்டு, நிதானமா என்னத் திரும்பிப் பாத்தா.

"இது இன்னா ஜந்துன்னு பாத்தாச்சி யக்கா. நீ இன்னா ஜந்துன்னு பவளம் யக்கா பாத்துக்கினு கீறாங்க."

சுருக்குன்னு குத்திச்சி. கூலிக்கு வந்தவ இப்பிடிப் பேசறாளேன்னு கோவம் வரணும், வரல. அவ சொன்னது அத்தினியும் நெஜம்.

வூட்டுக்காரரு பாரஸ்ட்டுக்கு போன் போட்டு, மதியத்துக்கு ஜீப்புல ரெண்டு பேரு வந்தாங்க. இகுவானான்னு பேரு சொன்னாங்க. தூர தேசத்துது, எவனோ ஆசைக்கு வாங்கி வளத்து, பெருசானதும் வுட்டுட்டுப் போயிருப்பான்னாங்க. ரோட்டு மேல பட்டணத்துக்காரங்க பண்ணை வூடு அஞ்சாறு கீது, எதுல இருந்து வந்துச்சோ தெரியல. இலை, தழை, பூ, இதான் அதுக்கு சோறாம். அத கூண்டுல ஏத்தறப்ப எனக்கு அது மேல கோவமே வரல. அது பசிக்கித் தின்னுச்சி. நான் எதுக்கு அவள அப்பிடிப் பேசினேன்?

நாலு மணிக்குக் குழாயில தண்ணி வரும். கொடம் இல்லாமப் போனேன். எல்லாரும் இருந்தாங்க. செம்பருத்திய தின்னது ஒரு வெளிநாட்டுப் பல்லி, பவளம் இல்ல, நான்தான் வாய்க்கொழுப்பெடுத்துப் பேசிட்டேன்னு, திட்டின அதே தொண்டைல சொன்னேன். பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி மூச்சு வாங்கினேன். அங்க தண்ணி புடிச்சிக்கினு இருந்த தாயாரம்மாள் திரும்பிக்கூட பாக்கல. "பவளம் எடுக்க மாட்டான்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்"னு சொல்லிட்டு அடுத்த கொடத்த வச்சா.

பவளம் திருடினான்னு ஊர்ல ஒருத்திகூட நம்பல. நான் ஒருத்திதான் நம்பியிருக்கேன்.

அங்க இருந்து நேரா பவளம் வூட்டு வாசலுக்குப் போனேன். அவ பாய்ல குந்திக்கினு மொறத்துல அரிசி பொடைச்சிக்கினு இருந்தா. தலையத் தூக்கல. தெருவுல சொல்லிட்டேன்டின்னேன். கேட்டுச்சின்னா. அது ஒரு பச்சைப் பல்லிடி, இவ்ளோ நீளம்னு கைய விரிச்சிக் காட்டினேன்.

"தெரியும். வைகாசில இருந்து பாக்கறேன். விடியக் காத்தால என் வேலி வழியாத்தான் வரும், போவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. பாத்துக்கினே இருந்தியா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, ரெண்டு மாசம் இப்பிடி வாயக் கட்டிக்கினு கெடந்தேனேன்னு அவ மேலயே பாய்ஞ்சேன். மன்னிப்பு கேக்கப் போன எடத்துலயும் எனக்குக் கோவம்தான் முன்னாடி வருது, பாருங்க.

அவ மொறத்தக் கீழ வச்சா. மொத தடவையா என் மூஞ்சப் பாத்தா.

"நான் எடுக்கலன்னு சொன்னதையே நீ நம்பல. பச்சையா ஒண்ணு முள்ளு முதுகோட வந்து பூவத் தின்னுட்டுப் போவுதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா மலரு?"

நம்பியிருப்பேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். வரல. பதினெட்டு வருசத்துல அவளாண்ட நான் பொய் சொன்னதில்ல.

"நம்பியிருக்க மாட்டேன். இன்னும் நாலு வார்த்த சேத்துத் திட்டியிருப்பேன்"னேன்.

அவ பாயோட அந்த ஓரத்துக்கு நகந்து குந்தினா.

"அதான் தெரியுமே"ன்னு சொல்லிட்டு, மொறத்துல பாதி அரிசிய என் பக்கம் தள்ளினா. "கல்லு நெறைய கீது. பாத்து பொறுக்கு."