விரதநாள் கிச்சடி

இசக்கிதுரைக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து முத்துமாரியின் வீட்டில் சோற்றுப்பானையைத் திறந்தாலும் சண்டை, மூடினாலும் சண்டை. தாராவியில் அவர்கள் இருந்த சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். இந்தச் சண்டை மட்டும் கேட்காமலா இருக்கும்? இசக்கிதுரை இன்றைக்கு எத்தனை கரண்டி சோறு தின்றான், அதற்கு எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பது சந்துக்கே தெரியும்.

“ரெண்டு கரண்டிதான். மூணாவது கேட்டிய, பானையோட கொண்டு போயி சாக்கடையில கவுத்திருவேன்.”

“கவுத்துக்கோ. எனக்கென்ன? ரோட்டுல வடாபாவ் விக்கிறவன் செத்தா போனான்?”

சொன்னதைச் செய்கிற மனிதன். பை தைக்கும் கார்கானாவில் நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவன். காலையில் ஒரு வடாபாவ், சாயந்திரம் சமோசா, நடுவில் எத்தனை அரைத் தம்ளர் கட்டிங் சாயா உள்ளே போயிற்று என்று அவனுக்கே தெரியாது. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் முத்துமாரி முதலில் அவன் சட்டையைத்தான் மோந்து பார்ப்பாள். பூண்டுச் சட்னி வாடை அடித்தால் அன்றைக்கு வீட்டில் தீபாவளி வெடிதான்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாமனார் இதே வியாதியில்தான் போனார். அதுவும் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முட்டி. கட்டைப் பிரித்துக் கழுவி, அதே கையைக் கழுவிச் சோறாக்கி, கடைசிவரைக்கும் பார்த்தவள் முத்துமாரி. புருசனுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்கிற ஒரே எண்ணம்தான் அவளுக்கு. மிஷினை மிதிக்கிற கால் அது. அது போனால் இந்த ஊரில் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மழைக்காலத்தில் புதுச் செருப்பு கடித்து அவன் வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது. வலிக்கவே இல்லை என்றான். வலித்திருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மாமனாரும் இப்படித்தான் சொன்னார்.

சொல்லிப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று, பேசாமல் இருந்தும் பார்த்தாயிற்று. டாக்டருக்கும் அடங்காமல் பெண்டாட்டிக்கும் அடங்காமல் இருக்கிறவன் இனி யாருக்கு அடங்குவான்? சாமிக்குத்தான். நெற்றியில் திருநீறு இல்லாமல் மிஷினில் நூல் கோக்க மாட்டான் இசக்கிதுரை. பக்கத்து வீட்டு மாலதியக்கா மராத்திக்காரி. திங்கள், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் உபவாஸ் இருப்பாள். அவளைப் பார்த்துத்தான் முத்துமாரிக்கு அந்த யோசனை வந்தது.

“ஏங்க, உங்க காலுக்காக நேந்துக்கிட்டேன். இனிமே வாரத்துல மூணு நாளு நீங்க உபவாஸ் இருக்கணும். அரிசி, கோதுமை, பருப்பு எதையும் தொடக்கூடாது. வெளிய ஒரு வாய் தின்னாலும் சாமிக்குத்தம்.”

இசக்கிதுரை சுவரிலிருந்த முருகன் காலண்டரை ஒரு தடவை பார்த்தான். “சாமி காரியத்துல வெளையாட முடியுமாட்டி? இருந்துதான ஆகணும்” என்றான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் மல்லுக்கட்டி நடக்காதது ஒரு வார்த்தையில் நடந்துவிட்டதே!

அவர்கள் ஊரில் விரதம் என்றால் விரதம். பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணீர், மிஞ்சினால் ஒரு தம்ளர் பால். பம்பாய் உபவாஸ் அப்படியில்லை. என்னவெல்லாம் தின்னலாம் என்று மாலதியக்கா சொல்லிக்கொடுத்தாள். சாபுதானாவை, அதாவது நம்ம ஊர் ஜவ்வரிசியை, ஊறவைத்து, நெய்யில் உருளைக்கிழங்கையும் வேர்க்கடலையையும் போட்டுப் புரட்டி, ஒரு சிட்டிகை சர்க்கரை தூவிக் கிச்சடி கிண்டலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பாலில் வேகவைக்கலாம். வாழைப்பழம் எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம். தானியம்தான் கூடாது. தானியம் இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை. சாப்பாடே இல்லையென்றால் சர்க்கரை எங்கேயிருந்து வரும்? முத்துமாரியின் கணக்கு இவ்வளவுதான். அந்தச் சந்தில் பாதிப் பேருடைய கணக்கும் இதுதான்.

அந்த மூன்று நாளும் வீட்டில் சத்தமே இருக்காது. அவனுக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். “இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா? காலையிலேருந்து வெறும் வயிறுல்லா” என்பாள். அவன் தலையை ஆட்டுவான். அவள் மனசு குளிர இன்னொரு கரண்டி வைப்பாள். பட்டினி கிடக்கிற புருசனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

புண் ஆறவில்லை. தெருமுனை டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை முன்னைவிட ஏறியிருப்பதைப் பார்த்து அவர் புருவத்தைச் சுருக்கினார். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று இந்தியில் கேட்டார். முத்துமாரி பெருமையோடு சொன்னாள், வாரத்தில் மூன்று நாள் இவர் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, உபவாஸ்.

“ஒன்றுமே?”

“ஒண்ணுமே இல்ல டாக்டர்.”

சத்தியமாக அவள் பொய் சொல்லவில்லை. டாக்டர்தான் பதறிப்போனார். வெறும் வயிற்றில் இவர் தினமும் விழுங்குகிற சர்க்கரை மாத்திரையைப் போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கி மயங்கி விழுந்துவிடுவார், உபவாஸ் நாளில் மாத்திரையே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முத்துமாரி அதை அப்படியே நடத்திக்காட்டினாள். மற்ற நாலு நாளும் மாத்திரையும் ரெண்டு கரண்டிச் சோறும். அந்த மூன்று நாளும் மாத்திரை கிடையாது, தட்டு நிறையக் கிச்சடி.

மழை விடுவதற்குள் விரல் கறுத்துவிட்டது. குளிர் காய்ச்சல் தூக்கிப்போட்டது. கார்கானாவில் கூட வேலை பார்க்கிற ராஜபாண்டிதான் டாக்சி பிடித்து அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தங்குமா என்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுப் பிரித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள்.

இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. சாமிக்கு நேர்ந்ததை இந்த நேரத்திலா விடமுடியும்? முத்துமாரி வீட்டுக்கு ஓடிப்போய்க் குளித்து, கிச்சடி கிண்டி, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மத்தியானம் வார்டுக்கு வந்தாள்.

வார்டு வாசலில் ஆஸியா அவளை நிறுத்தினாள். நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று முடிவு பண்ணுகிற சின்ன வயசுப் பெண். இந்தியில்தான் பேசினாள், முத்துமாரியைச் சித்தி முறை வைத்து மௌஸி என்று கூப்பிட்டாள்.

“மௌஸி, டப்பாவில் என்ன?”

“உபவாஸ் சாப்பாடு.”

“உபவாஸ் அன்றைக்கு ஒன்றுமே சாப்பிட மாட்டார் என்றுதானே இங்கே சேர்க்கும்போது சொன்னீர்கள்? அதனால்தான் உங்கள் தெரு டாக்டர் மாத்திரையையும் நிறுத்தினார், இல்லையா?”

“ஆமா. சாப்பாடு சாப்பிட மாட்டாரு. இது உபவாஸ்.”

ஆஸியா டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒரு வேளைக்கு எவ்வளவு, கூட என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

“மௌஸி, சாபுதானா என்பது கிழங்கு மாவு. அரிசிச் சோற்றுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை, விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றிவிடும். அதோடு உருளைக்கிழங்கு, பழம், சர்க்கரை. அதுவும் மாத்திரை போடாத நாளில்…” முத்துமாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் மட்டும் இல்லை மௌஸி. எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரைதான். நோன்பு திறக்கும்போது தின்கிற பஜியாவை அவளும் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை.”

ஆறுதலுக்குச் சொன்னாள். முத்துமாரிக்குக் காதில் ஏறவில்லை. தட்டில் வைத்த ஒவ்வொரு கரண்டியும் கண்முன் வந்தது. வெறும் வயிறு, வெறும் வயிறு என்று கெஞ்சிக் கெஞ்சி வைத்தாளே!

படுக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இசக்கிதுரை விழித்துத்தான் கிடந்தான். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது.

“சனிக்கிழமல்லா இன்னைக்கு? கிச்சடி கொண்டாந்தியா?”

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். “இதத் தின்னுதாங்க உங்க வெரலு போச்சு. சாமி பேரச் சொல்லி நாந்தான் ஆக்கிப் போட்டேன். மாத்திரையையும் நாந்தான் நிறுத்த வச்சேன். நாசமாப் போற கையி இது, நாசமாப் போற கையி…” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இசக்கிதுரை எட்டி அவள் கையைப் பிடித்தான். அவன் அதிரவில்லை, ஆத்திரப்படவும் இல்லை.

“எனக்குத் தெரியும்ட்டி” என்றான்.

“என்ன தெரியும்?”

“விரதத்தன்னைக்குத்தான் நாக்கு வறண்டு கெடக்கும். எவ்வளவு தண்ணி குடிச்சாலும் அடங்காது. கண்ணு மங்கி, தையலு கோணிக்கிட்டுப் போவும். மத்த நாள்ல அவ்வளவு இல்ல. ஜவ்வரிசி என்ன காத்தா? தின்னா உடம்புல ஒட்டாதா?”

“தெரிஞ்சுக்கிட்டா தின்னிய?” அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். “பாவி மனுசா, தெரிஞ்சுக்கிட்டேவா தின்னிய? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அவன் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தான். “மத்த நாளு பூரா கரண்டியக் கையில புடிச்சிக்கிட்டு போலீஸ்காரி மாதிரி நிப்ப. சட்டைய மோந்து பாப்ப. சோத்துல கை வைக்கவே எனக்குப் பயமா இருக்கும். அந்த மூணு நாளுதான் நீ எதுத்தாப்புல உக்காந்து, எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சு, இன்னுங் கொஞ்சம் தின்னுங்கன்னு சொல்லுவ. நான் எப்பிடிட்டி வேண்டாம்னு சொல்ல?”

முத்துமாரிக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அவன்மேல் விழுந்து கதற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டப்பாவிலிருந்த கிச்சடியைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தட்டு கட்டிலோரம் தொடாமல் இருந்தது. ஒரு சப்பாத்தி, பருப்பு, உப்பு உறைப்பு இல்லாத கீரை. அதை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இனிமே இதத்தான் போடுவேன். தெனமும் பக்கத்துல உக்காந்து போடுதேன். சிரிச்சிக்கிட்டே போடுதேன். திம்பியளா?”

கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. எவ்வளவு முயன்றும் சிரிப்பு வரவில்லை.

இசக்கிதுரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயைத் திறந்தான்.

“சிரிக்காட்டாலும் பரவால்லட்டி. போடு, திங்கேன்.”