பெண்கள் பக்கத்தில் ஒரு மீசை

அருண்பாண்டிக்கு மீசை முளைத்துவிட்டது என்பதை எங்கள் தெருவில் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவன் அம்மா சந்தனமாரிதான். இத்தனைக்கும் ஞாயிறுதோறும் அவனை முற்றத்து ஸ்டூலில் உட்காரவைத்து, மேலுதட்டில் சோப்பைத் தடவி, ரேசரால் மழித்துவிடுகிறவளே அவள்தான். முடித்ததும் கன்னத்தைக் கிள்ளி, "இப்பந்தான் எங்க வீட்டுக் கொழந்த" என்பாள். குழந்தைக்கு ஆடி பிறந்தபோது பதினைந்து வயது முடிந்திருந்தது.

தென்காசியில் நான் தையல் கடை போட்ட நாளிலிருந்து அவள் எனக்குப் பக்கத்து வீடு. அருண்பாண்டிக்கு உடம்பு வயதுக்கு ஏற்றபடி வளர்ந்தது. பேச்சும் புத்தியும் மெதுவாகத்தான் வந்தன. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். ஆய்க்குடியில் அவனைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வேனில் போய்வருவான். "ஆள் வளந்த அளவுக்கு அறிவு வளரல" என்று யாராவது சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. ஜாக்கெட் தைக்க வந்து உட்கார்ந்து அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்கிறவள் நான். யாருக்கு எவ்வளவு அறிவு வளர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

அவனுக்கு அருவி என்றால் உயிர். கல்யாண வீட்டு மேளத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறவன், அருவிச் சத்தத்துக்கு ஒருநாளும் அலறியதில்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் கண்ணை மூடி அமைதியாக நின்றுவிடுவான். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே சாரல் தொடங்கிவிட்டால் சந்தனமாரி அவனை அடிக்கடி குற்றாலத்துக்குக் கூட்டிப்போவாள். நானும் ஒட்டிக்கொள்வேன்.

அருவியில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி, நடுவில் கம்பி. சின்னப் பையன்கள் அம்மாவோடு பெண்கள் பக்கம் குளிப்பது வழக்கம். எந்த வயது வரை என்று யாரும் எழுதி மாட்டவில்லை. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் சந்தனமாரி இத்தனை வருஷம் ஓட்டினாள். மீசையை மழித்ததும் அதற்காகத்தான்.

அவள் வீட்டுக்காரர் பாண்டித்துரை ஆட்டோ ஓட்டுகிறவர். எங்களை இறக்கிவிட்டு வண்டியிலேயே காத்திருப்பார். ஒருமுறை, "நான் வேணா அவன ஆம்பளயாளு பக்கம் கூட்டிட்டுப் போகட்டா?" என்று கேட்டார். "ஒங்களுக்கு அவனப் பத்தி என்ன தெரியும்? கைய விட்டிருவீங்க" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

இந்த ஆடியில் ஒருநாள் போனபோது தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆனால் பெண்கள் பக்கம் நுழையும்போதே அருண்பாண்டி பின்வாங்கினான். துண்டை நெஞ்சுவரை ஏற்றிப் பிடித்துக்கொண்டான். கூட்டத்துக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து, "வாலே கண்ணு" என்று சந்தனமாரி கையைப் பிடித்து இழுத்தாள். அவளைவிட ஒரு தலை உயரம் அவன்.

உள்ளே குளித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நனைந்த சுடிதாரோடு நிற்கிறவளுக்கு முன்னால் வாட்டசாட்டமாக ஒருத்தன் வந்து நின்றால் கத்தாமல் என்ன செய்வாள்? காவலுக்கு நின்ற பெண் போலீஸ் வந்தார். "பெரிய பையனா ஆயிட்டான்லாம்மா. அந்தப் பக்கம் அனுப்புங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"கொழந்த மேடம் இவன்! பாருங்க, மீசகூட இல்ல!" சந்தனமாரி அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

அருண்பாண்டி அந்தக் கையைத் தட்டிவிட்டான். தரையைப் பார்த்தபடியே கம்பிக்கு அப்பால் விரலை நீட்டினான். "அங்கன. நான் அங்கன."

அவனுக்குப் பயமில்லை, வெட்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வயதுப் பையனுக்கு வரவேண்டிய வெட்கம் அவனுக்கும் வந்திருக்கிறது. வருமென்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இனிமே அருவியே வேண்டாம்" என்றாள் சந்தனமாரி. "வீட்ல வாளியில மோந்து ஊத்திவிடுதேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, தோளுக்கு மிஞ்சினா தோழன்பாங்க. நீ இன்னும் இடுப்புல வச்சிருக்கே. நீ இல்லாத அன்னைக்கு அவன யாருட்டி குளிப்பாட்டுவா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். அதை நினைத்துக்கொண்டேதான் அவள் தினமும் படுக்கிறாள். "அதுக்குத்தானக்கா கைய விடாம இருக்கேன்" என்று அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

இருவரையும் பெண்கள் பக்கத்திலிருந்து வெளியே கூட்டிவந்து நிறுத்திவிட்டு, நான் போய்ப் பாண்டித்துரையைக் கூட்டிவந்தேன். மகன் பக்கத்தில் வந்து நின்றவர் மனைவியைத்தான் பார்த்தார். "நீ சொல்லு. கூட்டிட்டுப் போகட்டா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மொதல்ல கால நனைக்கணும். எடது காதுல தண்ணி போகக்கூடாது. பாசி வழுக்கும், கைய விட்டிராதீங்க." ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார்.

இருவரும் போனார்கள். சந்தனமாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். சாரலில் ஆண்களின் தலைதான் தெரிந்தது, மகன் தெரியவில்லை. "கத்துதானான்னு கேளுக்கா, கத்துதானான்னு கேளு" என்று என் கையைப் போட்டு நெரித்தாள். அருவிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் வந்தார்கள். அருண்பாண்டி முன்னால் வந்தான். துண்டு இடுப்பில், கோணலாக, அவனே கட்டியது. பின்னால் சட்டையைக் கழற்றவே மறந்து தொப்பலாக நனைந்துபோன பாண்டித்துரை. மகன் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

"எனக்குத்தான் வழுக்கிட்டு" என்றார் அவர். "அவந்தான் புடிச்சான்."

சந்தனமாரி மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர்கள் முற்றத்தைப் பார்த்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. சந்தனமாரி ஒரு கையில் சோப்பும் மறு கையில் ரேசருமாகக் குளியலறைக்கு வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். அவள் கதவைத் தட்டவில்லை.

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, உள்ள தாப்பா போட்டுட்டான். அவனுக்குத் தாப்பா போடத் தெரியும்னே எனக்குத் தெரியாதுக்கா."