முதுகெலும்பு சரியாக இருந்தது

மில்லி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சு அறையில் நோயாளி படுக்கும் மேசை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூட மறுபடி படம் எடுக்கச் சொல்வாள் என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டம். பதினோரு வருஷமாக அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். யாருக்குத்தான் இருக்காது?

அன்று காலை மூன்றாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நுரையீரலில் கட்டி. முப்பது தடவை கதிர் கொடுக்க வேண்டும், அன்று பதினாறாவது. அவரைப் படுக்கவைத்துவிட்டு, கனத்த கதவைச் சாத்திக்கொண்டு மில்லி வெளியே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அது அன்றைய படத்தை, சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த பழைய படத்தின் மேல் வைத்துப் பொருத்தியது. முதுகெலும்பு முதுகெலும்போடு அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. திரையில் பச்சை. இனி ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

அழுத்தப் போனவள், என்ன தோன்றியதோ, மூச்சு எப்படி இருக்கிறது என்று மைக்கில் கேட்டுவைத்தாள்.

"ஜோரா இருக்கும்மா. வியாழக்கிழமையில இருந்து மாடிப்படிய நிக்காமயே ஏறுறேன்."

மில்லியின் விரல் நின்றது. எலும்பை விட்டுவிட்டு நுரையீரலைப் பார்த்தாள். பழைய படத்தில் கட்டி மூச்சுக்குழாயை அடைத்து, வலது பக்கத்தின் மேல்பாகம் காற்றில்லாமல் சுருங்கிக் கிடந்தது. இன்று அது விரிந்திருந்தது. கட்டி சிறுத்து வழி விட்டிருக்கிறது. விரிந்த நுரையீரல் கட்டியையே நகர்த்திவிட்டது. கதிர் விழ வேண்டிய இடம் என்று டாக்டர் போட்ட கோட்டுக்கு வெளியே கட்டியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. எலும்புக்கு என்ன, அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது.

முந்தைய படங்களைத் திறந்து பார்த்தாள். வியாழன், வெள்ளி, திங்கள், மூன்றிலும் அதே கதை. மூன்றையும் சரி என்று அனுப்பியிருந்தார்கள். வெள்ளியும் திங்களும் அவள் கையெழுத்து.

கதிர் அளவுக்குக் கணக்குப் போடும் ஃபிசிசிஸ்ட்டைக் கூப்பிட்டாள், அவர் ஓடி வந்தார். மேசையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதாதா என்று அவள் கேட்டாள். கட்டி உள்ளே வரும், தண்டுவடமும் கூடவே கதிருக்குள் வந்துவிடும், அது அவ்வளவு கதிரைத் தாங்காது என்றார் அவர். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று விரிந்திருப்பதை மொத்தமாக நகர்த்திச் சரிக்கட்ட முடியாது. புதுப் படம், புதுத் திட்டம், இரண்டு நாள் நிறுத்தம். அந்த ஓரத்துக்குக் குறைந்த கதிரை ஈடுகட்டாவிட்டால் கட்டி அங்கிருந்தே மறுபடி வளரலாம். டாக்டர் போனில் ஒரு பிடி பிடித்தார்.

கதிர் கொடுக்காமலே இறக்குகிறீர்களே, ஏதாவது கெட்ட சேதியா என்று டிரைவர் கேட்டார். டாக்டர் வந்து சொல்வார் என்று அவள் நழுவியிருக்கலாம்.

"நுரையீரல் விரிஞ்சது நல்ல சேதிதான் ஐயா. ஆனா கட்டி நகர்ந்துடுச்சு. எலும்பு சரியா இருக்குன்னு நாங்க மூணு நாளா பழைய இடத்துலயே குடுத்துட்டோம். ஒரு ஓரத்துக்குச் சரியா போய்ச் சேரல."

அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"ஆள் நிக்காத ஸ்டாப்புல வண்டிய நிறுத்தியிருக்கீங்க."

"ஆமா."

"யாரு பாத்தது?"

"மூணுல ரெண்டு நாள் நான்."

முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியவருக்குத் திட்டத் தெரியாமல் இல்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அடுத்த தடவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். தான்தான் என்றாள்.

"அப்ப என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கம்மா. வியாழக்கிழமையே கேட்டிருந்தா வியாழக்கிழமையே சொல்லியிருப்பேன்."